210-ஆவது ஆளை யார் கண்டுபிடித்தது?

2017 ஜூன் 11. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். முடிய இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை, இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பிட்ஸ்பர்க் அணியின் பாட்ரிக் ஹோர்ன்க்விஸ்ட் வலைக்குப் பின்பக்கமிருந்து அடித்த பக், நாஷ்வில் கோல்கீப்பர் பெக்கா ரின்னே மேல் பட்டு உள்ளே போனது. கடைசி நொடிகளில் காலியாக இருந்த வலைக்குள் கார்ல் ஹாகலின் இன்னொன்று போட்டார். 2-0. கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு.

இந்த மூன்று பேரையும் பற்றி ஒரு தகவல். 2005 டிராஃப்டில் ஹோர்ன்க்விஸ்ட் 230-ஆவது ஆள், அதாவது அந்த ஆண்டின் கடைசி ஆள். ரின்னே 2004-இல் 258-ஆவது. ஹாகலின் 2007-இல் 168-ஆவது. இன்னும் சுவாரசியம் என்னவென்றால், ஹோர்ன்க்விஸ்ட்டையும் ரின்னேயையும் தேர்ந்தெடுத்தது ஒரே அணி: நாஷ்வில். தன் கடைசிச் சுற்றுக் கண்டுபிடிப்பை 2014-இல் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து அவர் கையாலேயே தன் இன்னொரு கடைநிலைக் கண்டுபிடிப்பு மீது கோல் வாங்கித் தோற்றது.

இந்த மாதிரிக் கதைகளுக்கு ஹாக்கி உலகில் பஞ்சமே இல்லை. (நான் இங்கே ஹாக்கி என்று சொல்வது ஐஸ் ஹாக்கி. நம் ஊர் மைதான ஹாக்கி வேறு.) இந்தக் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: எல்லோரும் ஒதுக்கிய பையனை ஒரு ஸ்கவுட் பார்க்கிறார், அவருக்கு மட்டும் ஏதோ தெரிகிறது, பத்து வருஷம் கழித்து உலகம் அவர் சொன்னது சரி என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கதை எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் இன்று 32 அணிகள். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூன் கடைசியில், 18 வயதை எட்டிய இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணம் கூவுவது கிடையாது. போன சீசனில் மோசமாக ஆடியவர்களுக்கு முதல் வாய்ப்பு, நடுவில் கொஞ்சம் குலுக்கல் உண்டு. ஏழு சுற்று, 224 பேர். தேர்ந்தெடுத்தால் அந்தப் பையன் உடனே வந்து ஆடுவான் என்றில்லை. அவனோடு ஒப்பந்தம் போடும் உரிமை அந்த அணிக்கு, அவ்வளவுதான். முதல் பத்துப் பேரில் பெரும்பாலோர் லீகில் ஆடுவார்கள். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு ஆட்டம்கூட ஆடமாட்டார்கள். அந்தப் பெரும்பாலோரைத் தாண்டி வரும் சிலரைப் பற்றித்தான் கதைகள்.

டெட்ராய்ட் புராணம்

இந்த வகைக் கதைகளின் மூலவர் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். அணியின் ஐரோப்பிய ஸ்கவுட் ஸ்வீடன்காரர் ஹோகன் ஆண்டர்சன். 1994-இல் தோமஸ் ஹோல்ம்ஸ்ட்ரோம், 257-ஆவது இடம். 1998-இல் பாவெல் தத்சுக், 171-ஆவது இடம். 1999-இல் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க், 210-ஆவது இடம். மூவரும் கோப்பை வென்றார்கள். தத்சுக் 2024-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். ஸெட்டர்பெர்க் 2008 பிளேஆஃபின் மிகச் சிறந்த வீரர், பின்னாளில் அணித் தலைவர்.

புராணத்தில் சம்பவங்களும் உண்டு. ஆண்டர்சன் ரஷ்யாவுக்குப் போனது திமித்ரி காலினின் என்ற தடுப்பாட்டக்காரரைப் பார்க்க. எதிரணியில் ஆடிய, உருவத்தில் சின்ன பையன் ஒருவன் கண்ணில் பட்டான். அவன்தான் தத்சுக். ஸெட்டர்பெர்க் விஷயமும் அப்படியே. ஆண்டர்சனும் அணியின் துணை மேலாளர் ஜிம் நில்லும் பார்க்கப் போனது மத்தியாஸ் வைன்ஹான்டில் என்ற வேறொரு ஸ்வீடன் பையனை. கூட ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன்தான் ஸெட்டர்பெர்க்.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கதை சொல்வதே பார்க்கப் போனது வேறு ஆள் என்பதைத்தான்! காலினினை பஃபலோ அணி முதல் சுற்றில், 18-ஆவதாக எடுத்தது. வைன்ஹான்டிலை நியூயார்க் ஐலண்டர்ஸ் 78-ஆவதாக எடுத்தது, அவர் என்.எச்.எல்.-லில் மொத்தம் 200 ஆட்டங்களைக்கூடத் தொடவில்லை. ஆக, ஸ்கவுட்டின் பயணத் திட்டத்தை முடிவு செய்தது அப்போது எல்லோரிடமும் இருந்த அதே பட்டியல். தத்சுக் அந்தத் திட்டத்தில் இல்லை. அவர் வழியில் கிடைத்தார்.

அவர்களே எத்தனை முறை தாண்டினார்கள்?

ஸெட்டர்பெர்க்கை எல்லோரும் ஒதுக்கினார்கள், டெட்ராய்ட் மட்டும் கண்டுகொண்டது என்று எழுதுகிறார்கள். 1999 பட்டியலை எடுத்துப் பாருங்கள். டெட்ராய்டுக்கு அந்த ஆண்டு முதல் மூன்று சுற்றில் தேர்வே இல்லை. 120, 149, 181 ஆகிய இடங்களில் மூன்று பேரை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் 210-இல் ஸெட்டர்பெர்க். முதலில் எடுத்த பையன் என்.எச்.எல்.-லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1998-இல் இது இன்னும் வெளிப்படை. தத்சுக்குக்கு முன்னால் டெட்ராய்ட் ஏழு பேரை எடுத்தது. முதல் ஆள் யிரி ஃபிஷர் நல்ல ஆட்டக்காரர். மீதி ஆறு பேரின் பெயர் இன்று டெட்ராய்ட் ரசிகர்களுக்கே நினைவிருக்காது.

ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "வேறு யாருக்கும் தெரியாத ஆள் என்றால் எதற்கு அவசரப்பட வேண்டும்? கடைசி வரை காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்?" கடையில் ஒரு பழைய புத்தகத்தின் மதிப்பு நமக்கு மட்டும் தெரியும் என்றால், பேரத்தை மெதுவாகத்தான் ஆரம்பிப்போம். சரிதான். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்பது அந்தப் புத்தகத்தின் மதிப்பைப் பொறுத்தது. தத்சுக் இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆட்டக்காரர் என்று தெரிந்திருந்தால், ஏழு முறை சும்மா விட்டு வேடிக்கை பார்க்க எந்த மேலாளருக்கும் துணிவு வராது. மற்றொரு அணியின் ஸ்கவுட்டும் அவரைப் பார்க்கக் கிளம்பினார், வானிலை சரியில்லாமல் விமானம் ரத்தானது என்று ஒரு கதையும் அதே புராணத்தில் வருகிறது. அது உண்மையென்றால், டெட்ராய்ட் பிழைத்தது ஒரு பனிப்புயலால்.

ஆக, அவர்களுக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: "இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது. ஆறாவது சுற்றில் ஒரு சீட்டை இவன் மேல் போடலாம்." இது நல்ல முடிவு. ஆனால் தீர்க்கதரிசனம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் கதைகள் அழித்துவிடுகின்றன.

கொஞ்சம் கணக்கு

தொழிலால் நான் மென்பொருள் ஆள், அதனால் கை தானாக விரிதாள் பக்கம் போகும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எண்கள் என் ஊகம், தர்க்கத்தைப் பாருங்கள்.

30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஐந்து பின்சுற்றுத் தேர்வுகள். பத்து ஆண்டுகள். மொத்தம் 1500 தேர்வுகள். யாருக்கும் எந்தத் திறமையும் இல்லை, எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கிறார்கள், நூற்றுக்கு ஒருவர் நட்சத்திரம் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 நட்சத்திரங்கள், சராசரியாக அணிக்கு அரை. பாய்ஸான் பரவல்படி இது எப்படிப் பிரியும்? சுமார் 18 அணிகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. ஒன்பது அணிகளுக்கு ஒன்று. இரண்டு அணிகளுக்கு இரண்டு. ஒரு குறிப்பிட்ட அணிக்கு மூன்றோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு வெறும் 1.4 சதவீதம். ஆனால் முப்பதில் *ஏதாவது ஒரு* அணிக்கு அப்படிக் கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 35 சதவீதம்.

அதாவது யாருக்கும் திறமையே இல்லாத உலகத்திலும், மூன்று தசாப்தத்தில் ஒருமுறை ஒரு "டெட்ராய்ட்" முளைக்கும். முளைத்ததும் நாம் போய் அதன் ஸ்கவுட்டைப் பேட்டி எடுப்போம். அவரும் பொய் சொல்லமாட்டார். அவர் நினைவில் இருப்பதைச் சொல்வார். மீதி 18 அணிகளின் ஸ்கவுட்டுகளும் அதே நம்பிக்கையோடுதான் யாரையோ பார்த்து "இவனிடம் ஏதோ இருக்கிறது" என்று குறித்திருப்பார்கள். அவர்களைப் பேட்டி எடுக்க யாரும் போவதில்லை.

இதை வைத்து டெட்ராய்ட் வெறும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கு அதை நிரூபிக்காது. மூன்று வெற்றிக் கதைகளை மட்டும் வைத்துத் திறமையை நிரூபிக்க முடியாது என்பதைத்தான் காட்டுகிறது. சொல்லப்போனால், வெறும் அதிர்ஷ்டத்துக்கு எதிரான ஒரு தடயம் டெட்ராய்ட் பட்டியலிலேயே இருக்கிறது. அதிர்ஷ்டம் என்றால் முத்துக்கள் எங்கெங்கோ சிதறியிருக்க வேண்டும். இங்கே மூன்றும் ஒரே கண்டத்திலிருந்து, ஒரே ஸ்கவுட்டின் எல்லைக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. அங்கே ஏதோ இருந்தது. என்ன அது?

யாரும் தேடாத இடம்

1989-க்குப் போவோம். அந்த ஆண்டு டெட்ராய்ட் நிக்லாஸ் லித்ஸ்ட்ரோமை 53-ஆவதாகவும், செர்கெய் ஃபெதரோவை 74-ஆவதாகவும், விளாதிமிர் கான்ஸ்தாந்தினோவை 221-ஆவதாகவும் எடுத்தது. டிராஃப்ட் வரலாற்றிலேயே ஒரு அணிக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறுவடைகளில் ஒன்று இது. ஆனால் ஃபெதரோவ் 74-இல் கிடைத்ததற்குக் காரணம் அவர் திறமை யாருக்கும் தெரியாது என்பதல்ல. சோவியத் ஜூனியர் அணியில் ஆடியவர், எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை, அவர் வருவாரா என்பது. அப்போது சோவியத் ஆட்டக்காரர் வெளியே வருவதென்றால் ஒன்று அரசு அனுமதிக்க வேண்டும், இல்லை ஓடிவர வேண்டும். ஃபெதரோவ் 1990-இல் அமெரிக்காவில் நடந்த குட்வில் விளையாட்டுகளுக்கு வந்தபோது அணியை விட்டு வெளியேறினார். டெட்ராய்ட் எடுத்த பந்தயம் ஹாக்கி மேல் இல்லை, அரசியல் மேல்.

இதே பந்தயத்தை வேறு வடிவத்தில் பின்னாலும் பார்க்கலாம். ரஷ்யாவில் 2008-இல் கே.எச்.எல். லீக் ஆரம்பித்த பிறகு, ரஷ்யப் பையன்கள் அங்கேயே நல்ல சம்பளத்தில் தங்கிவிடுவார்களோ என்ற பயம் எல்லா அணிகளுக்கும் வந்தது. கிரில் கப்ரீஸவ் 2015-இல் 135-ஆவதாக மினசோட்டாவுக்குப் போனார். ஐந்து ஆண்டு காத்திருப்புக்குப் பின் 2020-21 சீசனில் வந்தார், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். அர்த்தெமி பனாரினை யாரும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. சிகாகோ நேரடியாக ஒப்பந்தம் செய்தது. அவரும் முதல் ஆண்டே அதே விருதை வாங்கினார்.

காத்திருப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். தத்சுக் வந்தது 2001-இல், ஸெட்டர்பெர்க் 2002-இல். அப்போது கனடா ஜூனியர் லீகில் ஆடும் பையனை எடுத்தால் இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, இல்லையென்றால் உரிமை போய்விடும். ஐரோப்பியப் பையன் அப்போது அப்படியில்லை. ஊரிலேயே ஆடி வளரட்டும், சம்பளம் அங்குள்ள கிளப் கொடுக்கும், உரிமை மட்டும் நம்மிடம். நிரலாளர் மொழியில் சொன்னால், காலாவதி தேதி இல்லாத ஒரு இலவச ஆப்ஷன். 19 வயதில் முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் 22 வயதில் மலர்பவர்கள் பட்டியலில் நின்றார்கள். இது விதிப்புத்தகத்தில் இருந்த ஓட்டை. அதை நன்றாகப் பயன்படுத்தியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் "கழுகுக் கண்" என்று அதற்குப் பெயர் வைத்தால் விஷயமே மாறிவிடுகிறது.

இரண்டாவது இடம், வயது. தத்சுக் 1998-இல் எடுக்கப்பட்டபோது 20 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய டிராஃப்டுகளில் யாரும் அவரை எடுக்கவில்லை. பதினெட்டில் "வேண்டாம்" என்று குறித்த பையனின் கோப்பை இருபதில் மீண்டும் திறந்து பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? தாம்பா பே அணி 2011-இல் 208-ஆவதாக எடுத்த ஓந்திரேய் பலாத்தும் இப்படிக் கைவிடப்பட்டு மீண்டவர்தான்.

மூன்றாவது, உருவம். தியோ ஃப்ளூரி, சுமார் ஐந்தரை அடி உயரம், 1987-இல் 166-ஆவது இடம். மார்ட்டின் செயின்ட் லூயி, அவரும் குள்ளம்தான், யாரும் எடுக்கவே இல்லை. 2004-இல் லீகின் மதிப்புமிக்க வீரர். 2004-05 சீசன் முழுக்க கதவடைப்பில் போன பிறகு லீக், பிடித்து இழுப்பதையும் மறிப்பதையும் கண்டிப்பாகத் தண்டிக்க ஆரம்பித்தது. சின்ன உருவத்துக்கு மதிப்பு கூடியது. ஆட்டக்காரன் மாறவில்லை, சந்தை விலை மாறியது.

நான்காவது, கோல்கீப்பர்கள். 2000 டிராஃப்டில் லுண்ட்க்விஸ்ட் என்ற இரட்டையர். ஒரே வீடு, ஒரே கிளப். முன்கள ஆட்டக்காரர் யோயல் 68-ஆவது இடம். கோல்கீப்பர் ஹென்ரிக் 205-ஆவது இடம். யோயல் என்.எச்.எல்.-லில் 134 ஆட்டங்கள் ஆடினார். ஹென்ரிக் 459 வெற்றிகளோடு ஓய்வுபெற்று ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அதே முகம், அதே உடம்பு. 18 வயது கோல்கீப்பரை எடைபோட யாரிடமும் நல்ல தராசு இல்லை என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. 1994-இல் டிம் தோமஸ் 217, எவ்கெனி நபோக்கவ் 219, தோமாஷ் வோக்கூன் 226. பத்து இடத்துக்குள் மூன்று தரமான கோல்கீப்பர்கள் கிடந்தார்கள். மூன்று வேறு அணிகள் எடுத்தன. மூன்று மேதைகளா, அல்லது ஒரே ஓட்டைத் தராசா?

எடுத்தவர் வேறு, அறிந்தவர் வேறு

டிம் தோமஸை எடுத்தது கியூபெக். அவர் கோப்பையும் 2011 பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வாங்கியது பாஸ்டனில், 37 வயதில். நடுவில் பின்லாந்து, ஸ்வீடன், சின்ன லீகுகள் என்று சுற்றிய வருஷங்கள். வோக்கூனை எடுத்தது மாண்ட்ரியல்; அவரைப் பாதுகாக்காமல் விட்டதால் நாஷ்வில் கொண்டுபோனது. 1984-இல் 117-ஆவதாக வந்த பிரெட் ஹல்லை கால்கரி நான்கே ஆண்டில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது; அங்கே அவர் ஒரே சீசனில் 86 கோல் அடித்தார்.

கடைசிச் சுற்று முத்துக்களின் பட்டியல் வெளியிடும்போது இவர்களையெல்லாம் எடுத்த அணியின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். எடுத்த அணிக்கே தன் கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை என்றால் அது கண்டுபிடிப்பா? லாட்டரிச் சீட்டு வாங்கி, குலுக்கலுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தவர் அவர். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் அணி லுக் ரோபிதாயை 171-ஆவதாக எடுத்தது. அவர் பின்னாளில் 600 கோலுக்கு மேல் அடித்தார். அவருக்கு முன்னால், 69-ஆவதாக, அதே அணி எடுத்தது டாம் கிளாவினை. அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு!

பிறந்த மாதம்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு ராபர்ட் டீனரும் சகாக்களும் 2013-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டது. ஜூனியர் ஹாக்கியில் ஜனவரி 1 தான் வயது எல்லை. அதனால் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் தங்கள் வகுப்பில் மூத்தவர்கள், உடம்பில் பெரியவர்கள், தேர்வுகளில் முந்துகிறார்கள். இது மால்கம் கிளாட்வெல் புத்தகம் வழியாகப் பலருக்கும் தெரிந்த கதை. அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் "முன்னால் பிறந்தால் ஜெயிப்பாய்" என்று முடித்துக்கொண்டார்கள்.

டீனர் குழு ஒரு படி மேலே போனது. 1980 முதல் 2006 வரை எடுக்கப்பட்ட கனடாக்காரர்களில், ஆண்டின் இரண்டாம் பாதியில் பிறந்தவர்கள் 34 சதவீதம்தான். ஆனால் மொத்த ஆட்டங்களில் 42 சதவீதமும் புள்ளிகளில் 44 சதவீதமும் அவர்களுடையவை. அதாவது அவர்கள் தங்கள் வரிசை எண்ணைவிட நன்றாக ஆடினார்கள். தேர்ந்தெடுப்பவர்கள் முதிர்ச்சியைத் திறமை என்று படித்தார்கள், அதுவும் கால் நூற்றாண்டுக்கு மேலாக, ஒரே திசையில். இதைத் திருத்த ரகசியக் கண் எதுவும் வேண்டாம். பிறந்த தேதி எல்லாப் பட்டியலிலும் அச்சிட்டே இருக்கும்.

தனி ஆளுக்கு இது பொருந்த வேண்டியதில்லை. கடைசி ஆளாக வந்த ஹோர்ன்க்விஸ்ட் பிறந்தது ஜனவரி 1! ஸ்வீடன்காரர், கனடா ஆய்வில் வராதவர் என்றாலும் சிரிப்பு வருகிறது. சராசரி என்பது தனி மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, தராசின் சாய்வைப் பற்றிய தகவல். ஸ்கவுட் கதைகளோ எப்போதும் தனி மனிதர்களைப் பற்றியவை. அதனால் சாய்வு கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

பிறகு என்ன ஆனது?

திறமை என்றால் அது தொடர வேண்டும். டெட்ராய்ட் 25 சீசன்கள் தொடர்ந்து பிளேஆஃபுக்குப் போன அணி. அந்தத் தொடர் 2017-இல் அறுந்தது, அதன் பிறகு நீண்ட வறட்சி. ஆண்டர்சன் அதே அணியில்தான் இருந்தார். அவர் கண் மங்கிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற எல்லா அணிகளும் ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் முழுநேர ஆட்களை அனுப்ப ஆரம்பித்தன. காணொளி வந்தது, இணையத்தில் சின்ன லீகின் புள்ளிவிவரம்கூட வந்தது. 2005-இல் டிராஃப்ட் ஒன்பது சுற்றிலிருந்து ஏழாகச் சுருங்கியது. இன்றைய 224-இல் 257-ஆவது ஹோல்ம்ஸ்ட்ரோமுக்கும் 258-ஆவது ரின்னேவுக்கும் இடமே கிடையாது. அதே ஆண்டு வந்த சம்பள உச்சவரம்பு, பணக்கார அணி வெளியே விலைக்கு வாங்கி நிறைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கும் வசதியையும் குறைத்தது. யாரும் போகாத கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. எல்லோரும் குடத்தோடு வந்ததும் வற்றியது.

ஆண்டர்சனுக்கு உரிய பெருமையை நான் குறைக்கவில்லை. இடம் மாற்றி வைக்கிறேன். அவர் யாரும் போகாத ஊருக்குப் போனார். வேறு ஆளைப் பார்க்கப் போன இடத்திலும் மற்றவர்களைப் பார்த்தார். சின்ன உருவம், கூடின வயது என்று தானே ஒதுக்கிவிடாமல் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பெயருக்காக மேசையில் வாதாடினார். மேலாளரும் ஒரு சீட்டை அவர் பேச்சை நம்பிக் கொடுத்தார். இவை எல்லாமே பழக்கங்கள், ஏற்பாடுகள். இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். "அவருக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை" என்ற கதையிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது.

இது எனக்கு ஏன் முக்கியம்? கிட்டத்தட்ட இருபது வருஷமாக மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே புராணம் உண்டு. "மார்க்கே இல்லாத பையன், நான்தான் கண்டுபிடிச்சேன், இன்னைக்கு ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லாத மூத்தவர் கிடையாது. அந்தப் பையன் உள்ளே வந்ததும் யார் சொல்லிக் கொடுத்தார்கள், எத்தனை மாதம் பொறுத்தார்கள், அதே வாரம் அதே மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தக் கதையில் வராது. கதை நமக்குக் கொடுக்கும் ஆறுதல்தான் ஆபத்தானது: திறமை இருந்தால் எப்படியும் யாராவது கண்டுகொள்வார்கள் என்பது. தத்சுக் கண்டுகொள்ளப்பட்டது காலினின் எதிரணியில் ஆடிய ஒரு நாளில். அந்த அட்டவணை வேறு மாதிரி இருந்திருந்தால் ரஷ்யாவுக்கு வெளியே அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்த ஜூனில் யாராவது "கடைசிச் சுற்று முத்துக்கள்" என்று பட்டியல் போட்டால் நான் ஆர்வமாகத்தான் படிப்பேன். கூடவே மூன்று கேள்விகள் வைத்துக்கொள்வேன். அந்த அணி அவருக்கு முன்னால் யார் யாரை எடுத்தது? எடுத்த பின் எத்தனை வருஷம் காத்திருந்தது, அந்தக் காத்திருப்புக்கு யார் செலவு செய்தார்கள்? அதே ஸ்கவுட் அதே ஆண்டு அதே உறுதியோடு சிபாரிசு செய்த மற்றவர்கள் எங்கே? முதல் இரண்டுக்கும் பதில் பொதுவெளியில் கிடைக்கும், அரை மணி நேர வேலை. மூன்றாவது அணிகளின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து காட்டும் அணி எதுவோ, அந்த அணியின் ஸ்கவுட்டைத்தான் நான் மேதை என்று நம்பத் தயார்.